வாசிக்காத நேரத்தில் வால்வு என்ன செய்கிறது?

ஆன் செய்த உடனே பாடாத ரேடியோவைத் தாத்தா, பாட்டி வீட்டில் பலர் பார்த்திருப்பார்கள். சுவிட்சைப் போட்டால் முதலில் உள்ளே மங்கலான ஆரஞ்சு வெளிச்சம் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஓர் உறுமல் கேட்கும். அதற்குப் பிறகுதான் செய்தியோ பாட்டோ வரும். உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடாவதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு.

டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வு ரேடியோ பரணுக்குப் போனது. டி.வி., டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், கம்ப்யூட்டர் என ஒவ்வோர் இடமாக வால்வு வெளியேறியது. ஆனாலும் அதை விடாமல் பிடித்துக்கொண்ட சிலர் இருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவர்கள். 1950, 60-களில் தயாரான வால்வுகளை இன்றும் தேடிப் பிடித்து, கூடுதல் விலை கொடுத்து வாங்கி, தங்கள் ஆம்ப்ளிஃபயரில் மாட்டுகிறார்கள்.

மாட்டினால் மட்டும் போதாது. இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. ஒன்று, ஒரே மாதிரி உழைக்கும் வால்வுகளாகப் பார்த்து ஜோடி சேர்ப்பது. இதற்கு மேட்சிங் என்று பெயர். இன்னொன்று, கிடாரில் யாரும் கை வைக்காத நேரத்தில் அந்த வால்வு வழியாக எவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்று அளந்து வைப்பது. இதற்குப் பெயர் பயாஸ். ஒலி இனிக்குமா கசக்குமா, வால்வு வருடக்கணக்கில் உழைக்குமா ஒரே வாரத்தில் கருகுமா என்பதை இந்த இரண்டும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. கண்ணாடி மேல் அச்சடித்திருக்கும் பெரிய கம்பெனியின் பெயர் அதற்கெல்லாம் பிறகுதான்.

குழாயும் திருகும்

1904-ல் இங்கிலாந்தின் ஜான் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங் முதல் வால்வைச் செய்தார். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே சூடாக்கப்படும் ஒரு பகுதி, எதிரே ஓர் உலோகத் தகடு. சூடான பகுதியிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் வெற்றிடத்தைத் தாண்டித் தகட்டுக்குப் போகும். திரும்பி வராது. ஒரே திசையில் மட்டும் விடுவதால் ஆங்கிலேயர்கள் அதை வால்வு என்றார்கள். அமெரிக்கர்களுக்கு அது டியூப்.

இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட், இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையை வைத்தார். அதுதான் கிரிட். எலெக்ட்ரான் என்பது நெகட்டிவ். வலைக்கும் நெகட்டிவ் வோல்ட்டேஜ் கொடுத்தால் அது எலெக்ட்ரான்களை விரட்டும். கூடுதலாக நெகட்டிவ் கொடுத்தால் ஓட்டம் குறையும். நெகட்டிவைக் குறைத்தால் ஓட்டம் பெருகும். தண்ணீர்க் குழாயின் திருகை லேசாகத் தொட்டால்கூடத் தண்ணீர் வேகம் மாறுகிறதல்லவா, அதே கதை. கிடார் கம்பியிலிருந்து வரும் துளி சிக்னல் திருகை ஆட்டும். குழாயில் பாயும் பெரிய ஓட்டம் அதே மாதிரி ஆடும். ஆம்ப்ளிஃபயர் என்றால் அவ்வளவுதான்.

1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்த லியோ ஃபெண்டர், பிறகு கிடார்களுக்கான ஆம்ப்ளிஃபயர் செய்யும் தொழிலில் இறங்கினார். 1950-களின் கடைசியில் அவருடைய கம்பெனி விற்ற பாஸ்மேன் என்ற ஆம்ப், பேஸ் கிடாருக்காகச் செய்யப்பட்டது. சாதாரண கிடார்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1960-களின் தொடக்கத்தில் லண்டனின் ஹேன்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த டிரம்ஸ் ஆசிரியர் ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும், அந்த பாஸ்மேன் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்துத் தங்கள் முதல் ஆம்பை உருவாக்கினார்கள். ராக் இசையின் முக்கியமான இரண்டு குரல்கள் இப்படி ஒரே குடும்பத்திலிருந்து வந்தவை. இரண்டின் கடைசிக் கட்டத்திலும் ஸ்பீக்கரை அசைக்கும் வேலையைச் செய்வது ஒரு ஜோடி பெரிய வால்வுகள். மேட்சிங், பயாஸ் என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் இந்தப் பவர் வால்வுகளைப் பற்றித்தான்.

ரம்பம் இழுக்கும் இருவர்

மரவாடியில் பெரிய மரத்தை இரண்டு பேர் அறுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நீண்ட ரம்பத்தின் இரு முனையிலும் ஆளுக்கொரு பிடி. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு அவர் இழுப்பார், இவர் விட்டுக்கொடுப்பார். ஜோடி வால்வுகள் செய்வதும் அதைத்தான். ஒலி அலையின் மேல் பாதியை ஒரு வால்வு இழுக்கும், கீழ்ப் பாதியை மற்றொன்று. இந்த ஏற்பாட்டுக்குப் புஷ்-புல் என்று பெயர்.

இப்போது ஒரு கேள்வி. தன் முறை இல்லாதபோது ஓர் ஆள் பிடியை முழுதாக விட்டுவிட்டால் என்ன ஆகும்? மறுபடி பிடித்து இழுப்பதற்குள் ரம்பம் ஒரு கணம் நிற்கும், சிக்கும். வால்விலும் அப்படித்தான். பயாஸில் நெகட்டிவ் அளவு அதிகமாகி, சும்மா இருக்கும் வால்வில் ஓட்டமே இல்லாமல் போனால், ஒரு வால்வு வேலையை முடித்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் ஒலி அறுபடும். மெதுவாக வாசிக்கும்போது அது நன்றாகவே தெரியும். ஒலி மெலிந்து, கரகரத்து, உயிரில்லாமல் வரும். இதைத்தான் மெக்கானிக்குகள் பயாஸ் கோல்டாக இருக்கிறது என்பார்கள்.

சரி, இரண்டு பேருமே எப்போதும் முழு பலத்தோடு பிடித்துக்கொண்டே இருந்தால்? ரம்பம் சிக்காது, ஆனால் ஆட்கள் களைத்துப்போவார்கள். பயாஸ் ஹாட் என்றால் இதுதான். யாரும் வாசிக்காத நேரத்திலும் வால்வு கொதித்துக்கொண்டிருக்கும். அளவு மீறினால் உள்ளே இருக்கும் உலோகத் தகடே, அதாவது பிளேட், இரும்படுப்பில் வைத்த கம்பி போலச் சிவக்கும். அந்தச் சிவப்பைக் கண்டால் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் நடுவில் தெரிவது இயல்பு. வெளிப்புறத் தகடு சிவப்பது ஆபத்து. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விட்டுவிடாமலும், விறைப்பாகப் பிடிக்காமலும், கை பிடியிலேயே இருக்கும் அந்த நடு அளவுதான் நல்ல பயாஸ்.

எட்டாம் வகுப்புக் கணக்கு

அந்த நடு அளவைக் கண்டுபிடிக்க மந்திரம் எதுவும் இல்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு பவர் வால்வுக்கும் அதன் பிளேட் எத்தனை வாட் சூட்டைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு சொல்லியிருப்பார். பல ஃபெண்டர் ஆம்ப்களில் வரும் 6எல்6ஜிசி வால்வுக்கு 30 வாட். பல மார்ஷல் ஆம்ப்களில் வரும் இஎல்34 வால்வுக்கு 25 வாட். புஷ்-புல் ஆம்ப்களில் சும்மா இருக்கும்போது இந்த வரம்பில் 70 சதவிகிதத்துக்கு மேல் போகாமல் வைப்பது மெக்கானிக்குகளின் வழக்கம்.

உதாரணமாக, 6எல்6ஜிசி. 30 வாட்டில் 70 சதவிகிதம் 21 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், 21-ஐ 450-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 0.047 ஆம்பியர், அதாவது 47 மில்லி ஆம்பியர். அதே 450 வோல்ட்டில் இஎல்34 என்றால் 39 மில்லி ஆம்பியர். இது உச்ச வரம்பு. இதை எட்டியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 50 சதவிகிதத்திலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே வந்து, ஒலி நன்றாக இருக்கும் இடத்தில் நிறுத்திவிடுவதுதான் அனுபவசாலிகளின் பழக்கம். வால்வும் நீண்ட நாள் வாழும்.

பழைய வால்வு வாங்குபவர்கள் சறுக்கும் இடம் இங்கேதான் இருக்கிறது. 6எல்6 என்ற பெயரில் ஒரு பெரிய குடும்பமே உண்டு. ஆர்சிஏ கம்பெனி 1936-ல் கொண்டுவந்த மூத்த பிள்ளைக்கு வரம்பு 19 வாட்தான். அந்தக் கால பாஸ்மேனில் இருந்த 5881 என்ற உறவுக்காரருக்கு 23 வாட். கடைசியாக வந்த ஜிசி-க்குத்தான் 30 வாட். எல்லோரும் ஒரே சாக்கெட்டில் கச்சிதமாக உட்காருவார்கள். 5881-ஐ மாட்டிவிட்டு, 6எல்6ஜிசி-க்கான 47 மில்லி ஆம்பியரை வைத்தால் என்ன ஆகும்? 450 வோல்ட்டில் அது 21 வாட்டைத் தாண்டிவிடும். 23 வாட் தாங்கும் வால்வு, யாரும் வாசிக்காதபோதே 90 சதவிகிதத்துக்கு மேல் சுமந்துகொண்டிருக்கும். வாசிக்க ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். மூத்த பிள்ளையான பழைய 6எல்6-ஐ 450 வோல்ட் ஆம்பில் மாட்டவே கூடாது. சாக்கெட்டில் பொருந்துவது சம்மதம் ஆகாது.

ஒரே நாளில் பிறந்தாலும்

அடுத்தது ஜோடி. ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில், ஒரே மேஜையில் தயாரான இரண்டு வால்வுகள் ஒரே மாதிரி இருக்காதா? பெரும்பாலும் இருக்காது.

வால்வுக்குள் இருக்கும் கிரிட், தலைமுடி போன்ற மெல்லிய கம்பியைச் சுற்றிச் செய்வது. அதற்கும் அதைச் சுற்றி இருக்கும் பாகங்களுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. கையால் பொருத்தும்போது ஒரு துளி விலகினாலும் ஓட்டம் மாறிவிடும். ஒரே பயாஸ் வோல்ட்டேஜ் கொடுத்தால் ஒரு வால்வு 32 மில்லி ஆம்பியர் இழுக்கும், பக்கத்தில் இருப்பது 44 இழுக்கும். ஆம்பில் இரண்டுக்கும் பயாஸ் கட்டுப்பாடு பெரும்பாலும் ஒன்றே. ஆகவே ஒருவருக்கு ஏற்ற அளவு மற்றவருக்கு ஏற்காது.

ஜோடி சேராத வால்வுகளால் வரும் தொல்லைகள் மூன்று. முதலில், உறுமல். புஷ்-புல் அமைப்பில் பவர் சப்ளையிலிருந்து வரும் உறுமல் இரண்டு பக்கமும் சமமாக வந்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். சமமில்லை என்றால் மிச்சம் ஸ்பீக்கரில் கேட்கும். இரண்டாவது, ஒரு பக்கம் மட்டும் கூடுதல் ஓட்டம் போவதால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புப் பகுதி ஒரு பக்கமாகக் காந்தமேறி, தாழ்ந்த சுருதிகள் பலம் இழக்கும். மூன்றாவது, அதிகம் உழைப்பவர் சீக்கிரம் ஓய்ந்துவிடுவார்.

அதனால்தான் வால்வு வியாபாரிகள் ஒவ்வொன்றையும் அளந்து ஜோடி சேர்த்து விற்கிறார்கள். நல்ல வியாபாரி முதலில் வால்வைச் சில மணி நேரமாவது ஓட விடுவார். புது வால்வு முதலில் கொஞ்சம் அலைபாயும், பிறகுதான் நிலைக்கு வரும். அதன் பிறகு, ஆம்பில் இருக்கும் அளவுக்கு நெருக்கமான வோல்ட்டேஜில் வைத்து, எவ்வளவு இழுக்கிறது, கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் ஓட்டம் எவ்வளவு மாறுகிறது என்று இரண்டையும் குறித்துக்கொள்வார். சும்மா இருக்கும்போது மட்டும் ஒத்துப்போய், வேலை வந்ததும் ஆளுக்கொரு வேகத்தில் இழுத்தால் அது ஜோடி ஆகாது.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் மருந்துக்கடை வாசலில்கூட வால்வு சோதிக்கும் மெஷின் நின்றிருக்கும். டி.வி. கெட்டால் வீட்டுக்காரர் வால்வுகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பார். முள் பச்சைக்குப் போனால் நல்லது, சிவப்பில் நின்றால் புதிது வாங்க வேண்டும். உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அது போதும். ஜோடி சேர்க்க உதவாது. இன்று இணையத்தில் சிலர் 'டெஸ்ட் செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதி விற்பார்கள். எந்த வோல்ட்டேஜில், எத்தனை மில்லி ஆம்பியர் என்று எண் சொல்லாதவரை அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை.

நான்கு வால்வு உள்ள பெரிய ஆம்ப்களில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. பக்கத்துக்கு இரண்டு வால்வு. கையில் இருப்பவை 34, 36, 38, 40 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 34-ஐயும் 40-ஐயும் ஒரு பக்கம், 36-ஐயும் 38-ஐயும் மறு பக்கம் போட்டால் இரண்டு பக்கமும் 74. தராசு சமமாகிவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது?

பழைய வால்வுக்கு ஏன் இவ்வளவு மவுசு? இரண்டாம் உலகப் போரும் அதற்குப் பின் வந்த ரேடார், ரேடியோ, டி.வி. காலமும் வால்வுகளைக் கோடிக்கணக்கில் கேட்டன. பெரிய ஆலைகள், தேர்ந்த தொழிலாளர்கள், கண்டிப்பான ராணுவத் தரச் சோதனை எல்லாம் சேர்ந்து உழைப்புக்கு அஞ்சாத வால்வுகளைத் தந்தன. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் நகரில் முல்லார்ட், ஜெர்மனியில் டெலிஃபங்கன், அமெரிக்காவில் ஆர்சிஏ, சில்வேனியா, ஜெனரல் எலெக்ட்ரிக் என்று பெரிய பெயர்கள். நம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் 1960-களில் வால்வுகளைத் தயாரித்தது. அதன் மிச்சச் சரக்கு வெளிநாட்டு வியாபாரிகளிடம் இன்றும் விலைபோகிறது.

டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கிடங்குகளில் பெட்டி பிரிக்காமல் கிடந்தவைதான் இன்று பழைய புதுச் சரக்கு என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. அந்தக் கிணறு ஊறுவதில்லை. மேடையில் எரியும் ஒவ்வொரு மணி நேரமும் அதிலிருந்து ஒரு குடம் குறைகிறது.

இதில் ஏமாறுவதற்கும் வழி நிறைய. அந்தக் காலத்திலேயே கம்பெனிகள் ஒருவரிடம் ஒருவர் வால்வு வாங்கித் தங்கள் பெயரை அச்சடித்து விற்றன. பழைய வால்வின் அச்சு, கட்டைவிரலால் தேய்த்தாலே அழியக்கூடியது. அழிவது அவ்வளவு சுலபம் என்றால், புதிதாக அடிப்பதும் சுலபம்தானே? இன்று முல்லார்ட் என்ற பெயருடன் கடைக்கு வரும் புது வால்வு பிளாக்பர்னில் செய்ததல்ல. பெயரின் உரிமை கைமாறி, ரஷ்யாவின் சராடோவ் நகர ஆலையில் தயாராகிறது. அது கெட்ட வால்வு என்று அர்த்தமில்லை, வேறு வால்வு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் அச்சை நம்புவதில்லை. கண்ணாடியின் அடியில் பொறித்திருக்கும் சிறு குறியீட்டையும், உள்ளே இருக்கும் தகடுகளின் அமைப்பையும் பார்ப்பார்கள்.

கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய இன்னொரு அடையாளமும் உண்டு. வால்வின் உச்சியிலோ பக்கவாட்டிலோ கண்ணாடிக்குள் வெள்ளி பூசியது போல ஒரு பளபளப்பு இருக்கும். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சுவதற்கான பூச்சு அது. அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வின் கதை முடிந்தது. ஓடும்போது கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒட்டினாற்போல் நீல ஒளி தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. நடுப் பாகங்களுக்கு இடையே ஊதா மூட்டம் போட்டால் வாயு கசிந்திருக்கிறது என்று பொருள்.

மெக்கானிக் மேஜையில்

பயாஸ் வைக்கும் வேலையை மேஜையில் ஒரு தடவை பார்த்தால் அதன் ஒழுங்கு புரியும். ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். பிறகு வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து, பத்து நிமிடமாவது சூடாக விடுவார்கள்.

ஒவ்வொரு பவர் வால்வின் கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் வேலை சுலபம். அதன் குறுக்கே மல்டிமீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர். 36 மில்லி வோல்ட் காட்டினால் 36 மில்லி ஆம்பியர். அதில் ஸ்கிரீன் கிரிட் என்ற இன்னொரு வலையின் ஓட்டமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். பிளேட் வோல்ட்டேஜையும் அளந்து, முன்னே சொன்ன கணக்கைப் போட்டு, பயாஸ் திருகை ஸ்க்ரூ டிரைவரால் துளி திருப்புவார்கள். ஓட்டம் கூடினால் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கும். ஆகவே மறுபடி இரண்டையும் அளந்து, மறுபடி கணக்கு. அரை மணி கழித்து இன்னொரு முறை. கடைசியில் அறை விளக்கை அணைத்துவிட்டு, எந்தத் தகடாவது சிவக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஒரு வால்வு மட்டும் சிவந்தால் உடனே அதைக் குப்பையில் போட வேண்டாம். ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிச் செருகிப் பார்ப்பார்கள். சிவப்பு வால்வோடு கூடவே போனால் குற்றம் வால்வில். பழைய இடத்திலேயே நின்றால் குற்றம் ஆம்பில். வயதான கண்டென்சர் கசிந்து, கிரிட்டுக்குப் போக வேண்டிய நெகட்டிவைக் கெடுத்துக்கொண்டிருக்கும். 60 வருட ஆம்பில் இது சகஜம். அதைச் சரிபார்க்காமல் விலையுயர்ந்த பழைய வால்வை மாட்டுவது, ஓட்டைப் பானையில் பால் ஊற்றுவது போல.

எல்லா ஆம்பிலும் இந்தத் திருகு இருக்காது. பீட்டில்ஸ் பயன்படுத்திய வாக்ஸ் ஏசி30 போன்றவற்றில் கேத்தோடு பயாஸ் என்ற வேறு ஏற்பாடு. கேத்தோடின் அடியில் ஒரு ரெசிஸ்டர். ஓட்டம் கூடினால் அந்த ரெசிஸ்டரில் வோல்ட்டேஜ் ஏறி, அதுவே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் பிள்ளை. அதற்கும் ஜோடி வால்வு நல்லது.

கரன்ட்டும் பயாஸை மாற்றும். 1950-களின் அமெரிக்க ஆம்ப்கள் இன்றைவிடக் கொஞ்சம் குறைந்த வீட்டு வோல்ட்டேஜை எதிர்பார்த்துச் செய்தவை. இன்று அங்கே 120 வோல்ட்டுக்கு மேலேயே வருகிறது. உள்ளே எல்லா வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் உயரும். நம் ஊருக்கு அப்படியோர் ஆம்பைக் கொண்டுவந்தால் 230 வோல்ட்டை இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அது எத்தனை வோல்ட் தருகிறது என்று அளந்த பிறகுதான் பயாஸ். எடி வான் ஹேலன் தன் மார்ஷல் ஆம்புக்குப் போகும் வோல்ட்டேஜை வேரியாக் என்ற கருவியால் வேண்டுமென்றே குறைத்து ஒலியை மாற்றினார். வோல்ட்டேஜைத் தொட்டால் எல்லாமே மாறும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வால்வு ஆம்புக்குள் 400, 500 வோல்ட் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் அந்தச் சக்தியைப் பிடித்து வைத்திருக்கலாம். உயிரைப் பறிக்க அது போதும். யூடியூபில் பார்த்துவிட்டுத் திறந்து பார்க்கும் வேலை இது அல்ல. கண்டென்சரை முறையாக வடித்து, மீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகு கை வைக்கத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

காதா, மீட்டரா?

இவ்வளவு அளந்து பார்க்கும் இந்தக் காலத்தில் ஒரு வேடிக்கை. இன்று எல்லோரும் தேடும் 1950, 60-களின் ஒலி, இப்படி நுணுக்கமாக ஜோடி சேர்த்துப் பிறந்ததல்ல. அன்றைய மேடைகளில், கையில் கிடைத்த வால்வை மாட்டிக்கொண்டு வாசித்தவர்கள் நிறைய. இரண்டு வால்வும் லேசாக வேறுபட்டால் ஒலியில் ஒரு கனிவு சேர்கிறது என்று சொல்லி, துல்லியமான ஜோடியை வேண்டாம் என்பவர்களும் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. சில மில்லி ஆம்பியர் வித்தியாசத்தைப் பெரும்பாலான மெக்கானிக்குகள் பொருட்படுத்துவதில்லை. பத்து, பதினைந்து என்று போகும்போதுதான் தலையை ஆட்டுவார்கள்.

அப்படியானால் மீட்டர் எதற்கு? எல்லையைச் சொல்வதற்கு. இதற்கு மேல் போனால் வால்வு சாகும், டிரான்ஸ்ஃபார்மர் எரியும் என்று அது கோடு கிழிக்கும். ஒரு 1959 பாஸ்மேனில் வால்வு போனால் வேறு வால்வு வாங்கலாம். அதோடு சேர்ந்து அசல் டிரான்ஸ்ஃபார்மர் போனால், ஆம்பின் மதிப்பில் பெரிய பங்கு போய்விடும், அந்தக் குரலும் போய்விடலாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கே நிற்பது என்பதைக் காது சொல்லட்டும்.

கையில் அளவான பணம் வைத்திருக்கும் இளைஞருக்கு மெக்கானிக்குகள் சொல்லும் யோசனையும் இதை ஒட்டித்தான் இருக்கும். பெரிய பெயருள்ள, ஜோடி சேராத, வயது தெரியாத இரண்டு பழைய வால்வுகளைவிட, அளந்து ஜோடி சேர்த்த புது வால்வு இரண்டு மேல். இன்றும் ஸ்லோவாகியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் வால்வு தயாராகிறது. முதலில் அதை மாட்டி, ஆம்பைச் சரிபார்த்து, பயாஸைச் சரியாக வைத்து வாசிக்கட்டும். பிறகும் மனசு கேட்காவிட்டால் பழைய கண்ணாடியைத் தேடலாம். அப்போது ஆம்ப் அதை வரவேற்கத் தயாராக இருக்கும்.

ஜோடி சேர்த்ததோடு கடமை முடிவதுமில்லை. இரண்டு வால்வும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. இன்று 36-ம் 37-மாக இருந்தவை, ஒரு வருட மேடைகளுக்குப் பிறகு 29-ம் 38-மாக நிற்கலாம். ஆகவே புது வால்வு போடும்போதும், ஒலி மாறியது போலத் தோன்றும்போதும், பழைய ஆம்ப் என்றால் வருடத்துக்கு ஒரு முறையும் பயாஸைப் பார்ப்பது நல்லது. அதற்கு ஆகும் நேரம் அரை நாளுக்கும் குறைவு.

அடுத்த முறை ஒரு மேடையில் கிடார்காரர் ஆம்பை ஆன் செய்துவிட்டு வாசிக்காமல் காத்திருந்தால், அவர் தாமதிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இரண்டு கண்ணாடி வால்வுகள் சூடேறி, பிடியில் கை வைத்துத் தயாராகிக்கொண்டிருக்கின்றன.